மொகிலி இறக்கத்தில் கியர்

என் தம்பி கோபிகிருஷ்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் அவனுடைய வலது காலில்தான் ஆரம்பிக்க வேண்டும். லாரியில் ஆக்சிலேட்டர் மேல் இருக்கிற கால் அது. மற்ற டிரைவர்கள் ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள். இவன் அதன்மேல் காலை வைத்திருப்பான், அவ்வளவுதான். எங்கள் நகரியில் தறி ஓட்டுகிறவர்கள் அறுந்த இழையை முடிந்து இழுக்கும்போது எவ்வளவு பதமாக இழுப்பார்களோ, அந்தப் பதம் அவன் காலில் இருக்கிறது. எங்கள் நைனா பவர்லூம் வைத்திருந்தார். எதையும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தம்பி தறிக்கு வரவில்லை, லாரிக்குப் போனான். கைக்கு வர வேண்டிய பதம் காலுக்குப் போய்விட்டது என்று நைனா சொல்லிச் சிரிப்பார்.

சொந்த வண்டி. பத்துச் சக்கர லாரி, செகண்ட் ஹேண்டில் வாங்கினான். ஸ்ரீசிட்டியில் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு காளஹஸ்தி, திருப்பதி, சித்தூர் வழியாகப் பெங்களூர் போவான். அங்கே இறக்கிவிட்டு, இரும்புத் தகடோ மாட்டுத் தீவனமோ எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு அதே வழியில் நாயுடுபேட்டைக்குத் திரும்புவான். நடுவில் ஒருநாள் ஓய்வு கிடைத்தால் ரேணிகுண்டாவில் வண்டியை நிறுத்திவிட்டு, பஸ் பிடித்து நகரிக்கு வந்து, தலைக்குக் குளித்து, தூங்கிவிட்டுப் போவான். வண்டியோடு வரலாம். வர மாட்டான். வெறும் வண்டியை வீட்டுக்கு ஓட்டி டீசல் எரிப்பது அவனுக்கு ஆகாது.

கல்யாணம் ஆகவில்லை. ஏகாம்பரகுப்பத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். மாப்பிள்ளை மாதத்தில் எத்தனை நாள் வீட்டில் இருப்பார் என்று பெண்ணின் அம்மா கேட்டார். அக்காவாக நான் ஏதோ சமாளித்துச் சொல்வதற்குள் அவன் விரல் விட்டு எண்ணி உண்மையைச் சொல்லிவிட்டான். அந்தக் காபியோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

சொந்த வண்டிக்காரனின் நிலைமை வெளியே இருக்கிறவர்களுக்கு முழுதாகத் தெரியாது. வாடகையை லோடு கொடுக்கிறவர் முடிவு செய்கிறார். டீசல் விலையை யாரோ முடிவு செய்கிறார்கள். டயர், இன்சூரன்ஸ், சுங்கச்சாவடி எதிலும் டிரைவர் வாய் திறக்க முடியாது. அவன் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. ஊற்றின டீசலில் வண்டியை எவ்வளவு தூரம் கொண்டுபோவது என்பது. என் தம்பி அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டான். அதற்காக அவன் செய்வதெல்லாம் பார்த்தால் சின்னச் சின்ன வேலைகள்தான். காலையில் சக்கரம் சூடாவதற்கு முன்னால் எல்லா டயருக்கும் காற்றுப் பார்ப்பான். ஓடிச் சூடான பிறகு பார்த்தால் அளவு பொய் சொல்லும் என்பான். தார்ப்பாயைக் கயிறு போட்டு முறுக்கி முறுக்கிக் கட்டுவான். ஓரம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் காற்று உள்ளே புகுந்து தார்ப்பாய் உப்பும், வண்டி குடையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆள் மாதிரி திணறும். லோடு இறக்கக் காத்திருக்கும் இடத்தில் எஞ்சினை அணைத்துவிடுவான். வேகம் ஐம்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில். எஞ்சின் சுற்றுகிற வேகத்தைக் காட்டும் மீட்டரில் பச்சையாக ஒரு பட்டை இருக்குமாம். முள் அந்தப் பட்டையை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வான். சுங்கச்சாவடி வரப்போகிறது என்ற பலகையைப் பார்த்ததுமே காலை எடுத்துவிடுவான். வண்டி தானாகத் தவழ்ந்து போய்ச் சேரும். பறந்து வந்தவர்கள் அங்கே பிரேக்கை மிதித்து நின்று, மறுபடி உறுமிக் கிளம்புவார்கள். நின்ற வண்டியைக் கிளப்புவதைப் போல டீசல் குடிக்கிற வேலை வேறு இல்லை என்று தம்பி சொல்வான்.

இதில் எதுவுமே பெரிய வித்தை இல்லை. ஆனால் நாள் தவறாமல், யாரும் பார்க்காத ரோட்டில், ஒருவன் இப்படியே செய்துகொண்டிருப்பது எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. மெதுவாகப் போகிறவனோடு யாரும் சேர்ந்து போக மாட்டார்கள்.

எங்கள் பக்கத்துச் சொந்த வண்டிக்காரர்கள் ஜோடி போட்டுத்தான் ஓடுவார்கள். முன்னைப் போல இப்போது வண்டிக்கு ஒரு கிளீனர் வைத்துக்கொள்ள முடிவதில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரே ஆள். அதனால் இரண்டு வண்டிகள் ஒரே லோடு, ஒரே ஊர் பார்த்துச் சேர்ந்து கிளம்பும். ஒருவன் தூங்கினால் மற்றவன், யாரும் டீசல் திருடாமல் டேங்கைப் பார்த்துக்கொள்வான். பஞ்சர் ஆனால் இரண்டு பேர் கை. ஜோடி உடையாமல் இருக்க இவர்களிடம் ஒரு வழக்கமும் உண்டு. அடுப்பு ஒரு வண்டியில் இருக்கும், அரிசி பருப்பு இன்னொரு வண்டியில் இருக்கும். ஒருவரை விட்டு ஒருவர் சாப்பிட முடியாது.

தம்பிக்கு ஜோடி தங்கவேலு. சத்திரவாடாக்காரன், பள்ளிக்கூடத்தில் தம்பியின் பெஞ்சிலேயே உட்கார்ந்தவன். அதே மாதிரி வண்டி. அடுப்பு அவனிடம், அரிசி தம்பியிடம். தங்கவேலு ஒரு டீக்கடையில் இறங்கினால் அடுத்த கடைக்குக் கேட்கும். என் தம்பி பேசுவது பக்கத்தில் நின்றாலும் கேட்காது. தம்பிக்குப் பேச என்று உலகத்தில் இருந்தது இரண்டு பேர். போனில் நான், நேரில் தங்கவேலு. நானும் போனில்தான் என்பதால், மனுஷ முகம் பார்த்துப் பேசுவது தங்கவேலுவிடம் மட்டும்தான்.

அவர்களுக்குள் முதலில் இருந்தே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அது இறக்கத்தைப் பற்றியது.

பலமநேரிலிருந்து சித்தூர் பக்கம் வரும்போது மொகிலி மலைச்சாலை. லோடு ஏற்றிய வண்டிகள் அங்கே பங்காருபாளையம் பக்கம் இறங்கி வர வேண்டும். நிறைய டிரைவர்கள் உச்சிக்கு வந்ததும் வண்டியை நியூட்ரலில் தள்ளிவிடுவார்கள். எஞ்சின் சத்தம் அடங்கிவிடும், வண்டி தன் பாரத்திலேயே உருண்டு வரும். கத்தாத எஞ்சின் டீசல் குடிக்காது என்பது அவர்கள் கணக்கு. கியரில் இறங்கினால் எஞ்சின் வீல் வீலென்று கத்தும். அவ்வளவு கத்துகிறதென்றால் அவ்வளவு குடிக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். தம்பி, எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குகிறவன். அதுவும் டீசலை மிச்சம் பிடிக்கத்தான் என்று அவன் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஒருமுறை தங்கவேலுவின் வண்டி சித்தூரில் பட்டறையில் நின்றது. வீட்டில் உட்காரப் பிடிக்காமல் அந்த நடைக்குத் தம்பியின் கேபினில் ஏறி வந்தான். திரும்பும்போது முல்பாகலுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன இறக்கத்தில், தம்பி அவனுக்கு டேஷ்போர்டைக் காட்டினான். அந்த நிமிஷம் லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் எண் அதில் வரும்.

"பாரு. நியூட்ரல்ல வுட்டா நம்பர் கொறையுது. கியர் போட்டு கால எட்த்துட்டா ஏறுது."

"கத்துதேடா."

"கத்தட்டும். சக்கரம் எஞ்சின சுத்திக்கினு வர்து, அதான் சத்தம். டீசல் ஒரு சொட்டு எறங்கல. நியூட்ரல்லதான் எஞ்சின் நிக்காம இருக்கறதுக்கு குடிச்சிக்கினே கீது."

"துன்னாம எதுனா கத்துமா? எங்க ஊட்டு மாடே துன்னாதான் கத்துது."

"உங்க ஊட்டு மாடு பசியில கத்துதுடா. தீனி போட்டு பாரு, நிறுத்திடும்."

தங்கவேலு சிரித்துவிட்டான். கொஞ்ச தூரம் போன பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"அந்தப் போர்டு வண்டி விக்கறவன் வெச்சது. அவன் சொல்றத நீ நம்புற, நான் சொல்றத நம்ப மாட்ற."

தம்பி கண்ணை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான். பதில் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அவன் சுபாவம் அப்படி. தனக்குச் சரி என்று தெரிந்ததைச் செய்வான், மற்றவனுக்குப் புரிகிற வரைக்கும் பேச மாட்டான்.

இறக்கத்துச் சண்டையை இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துத் தாண்டியிருப்பார்கள். அவர்களைப் பிரித்தது பசி. தங்கவேலு முன்னால் பறந்து போய், பங்காருபாளையத்துக்கு முன்னால் கங்கையா என்பவரின் டீக்கடை மரத்தடியில் அடுப்பை இறக்கி வைத்துக் காத்திருப்பான். அரிசி பின்னால் ஐம்பதில் வந்துகொண்டிருக்கும். ஒருநாள் தம்பி வந்து சேர்ந்தபோது வெயில் மரத்தின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருந்தது. கங்கையா தெலுங்குக்காரர், தமிழையும் தெலுங்கையும் ஒரே வாயில் பேசுவார்.

"வாய்யா கோபி. நீ ஜத அதிகோ, கோபங்கா உன்னாடு. பாத்து போ" என்று, ஜோடிக்காரன் கோபமாக இருப்பதைச் சொல்லி எச்சரித்தார்.

தங்கவேலு அடுப்பின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"வாங்க சார். அரிசி வந்துச்சா? நான் எதோ நெல்லு வெதச்சி அறுத்துக் கொண்டாறியோன்னு நெனச்சேன்."

"டோல்ல கூட்டம்டா."

"டோல்ல கூட்டம் எனக்கும்தான். வெங்கடலட்சுமி ரெண்டு தபா போன் பண்ணி துன்னியா துன்னியான்னு கேக்கறா. பொண்டாட்டிகிட்ட இன்னான்னு சொல்றது? அரிசி கோபிகூட ஊர்கோலம் வந்துக்கினு கீதுன்னு சொல்றதா?"

வெங்கடலட்சுமி அவன் மனைவி. தம்பி அரிசி எடுக்கப் போனான். தங்கவேலு கையைப் பிடித்து நிறுத்தினான். இந்த முறை கேலி இல்லை.

"சொல்றத கேளுடா. அடுத்த நட என் பின்னாலயே வா. நான் போற போக்குல வா. முடியலன்னா சொல்லிடு. நாயுடுபேட்ட பசங்க ரெண்டு வண்டி போட்டுக்கினு கீறானுங்க, கூப்புட்டுக்கினே கீறானுங்க. நான் அவங்களோட போய்டறேன்."

ஒரு நடை யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடத் தம்பி சொல்லவில்லை. "வர்றேன்" என்றான்.

அடுத்த நடை அவன் தங்கவேலு பின்னாலேயே போனான். தார்ப்பாயைக் கட்டி முடிக்கும் முன்பே தங்கவேலு ஹாரன் அடித்துக் கிளம்ப, இவனும் கிளம்பினான். பச்சைப் பட்டையை மறந்தான். காளஹஸ்தியில் டீ, சித்தூர் தாண்டிச் சுடச்சுடச் சாப்பாடு, பெங்களூரில் இரண்டு வண்டியையும் ஒட்டி நிறுத்தி ஒரே இடத்தில் படுக்கை. அன்றைக்குப் போனில் அவன் குரல் மாறியிருந்தது. தங்கவேலு ஏதோ சொல்லிச் சிரிப்பது பின்னால் கேட்டது. "வைக்கறேன்க்கா, அவன் கூப்புடறான்" என்று வைத்துவிட்டான். என் தம்பி என்னிடம் போனை அவசரமாக வைத்தது அதுதான் முதல்முறை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டீசல் போனால் போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

திரும்பும்போது மொகிலி உச்சியில் தங்கவேலு வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. தம்பி கொஞ்சம் தயங்கினான். பிறகு அவனும் நியூட்ரலில் தள்ளினான்.

அவன் பின்னால் இரும்புத் தகடு. முதல் வளைவு வரை ஒன்றுமில்லை. காற்றுச் சத்தம் மட்டும். இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தான், பிடித்தது. அடுத்ததில் மிதித்தான், கொஞ்சம் தாமதமாகப் பிடித்தது. பிரேக் லைனர் கருகும் வாசனை கேபினுக்குள் வந்தது. கியரைத் திரும்பப் போடப் பார்த்தான். அந்த வேகத்தில் கியர் விழவில்லை. கரகரவென்று பல் கடித்துவிட்டுக் கையை உதறியது. நியூட்ரலில் தள்ளுவது சுலபம், ஓடுகிற பாரத்தில் திரும்ப உள்ளே போடுவதுதான் முடியாது. மிதிக்க மிதிக்கப் பெடல் கீழே போனது. ரோடு தானாகச் சமமாகி, எதிரில் ஒரு வண்டியும் குறுக்கே வராமல் இருந்ததால் அவன் இன்று இருக்கிறான்.

கங்கையா கடையில் நின்றபோது டீ கிளாஸைத் தூக்க அவனால் முடியவில்லை. கிளாஸை மேஜையிலேயே வைத்துக் குனிந்து குடித்தான்.

"பாத்தியா, எவ்ளோ நைசா வந்துச்சி" என்றான் தங்கவேலு. அவனுக்குத் தெரியாது. அவன் முன்னால் வந்துவிட்டவன்.

"என்னால ஆவாதுடா" என்றான் தம்பி.

"இன்னா ஆவாது?"

"இப்பிடி இறங்க ஆவாது. உன்னோட ஓட ஆவாது. நீயும் இறங்காத. பெடல் கீழ போய்டுச்சி எனக்கு."

"உன் வண்டியில காத்து பைப்பு லீக்கா இருக்கும். பட்டறையில வுடு."

"லீக்கு இல்ல."

தங்கவேலு டீக்குக் காசை வைத்தான். பிறகு எழுந்து போய் அடுப்பைத் தன் வண்டியில் ஏற்றினான். தம்பி அரிசியில் பாதியை ஒரு பையில் கொட்டிக் கொண்டுபோய் நீட்டினான். தங்கவேலு வாங்கவில்லை.

"நீயே துன்னு" என்றான். "மெதுவா துன்னு."

அத்தோடு ஜோடி முடிந்தது.

அதன் பிறகு தம்பி தனியாக ஓடினான். வேறு ஜோடி கிடைக்கவில்லை. அவனுடைய வேகத்தைப் பற்றி அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "கோபியா? அவன்கூட போனா பொங்கலுக்கு ஏத்தின லோடு தீவாளிக்குத்தான் இறங்கும்" என்று ஸ்ரீசிட்டி லோடிங்கில் ஒருவன் சொன்னதை அவனே என்னிடம் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு போனில் நன்றாகக் கேட்கவில்லை.

தனியாக ஓடுகிறவன் எப்படித் தூங்குவான் தெரியுமா? டீசல் டேங்க் இருக்கிற பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவான், யாரும் கை விட முடியாதபடி. சுவர் கிடைக்காத இடத்தில் டேங்க் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்து அங்கே தலை வைத்துப் படுப்பான். ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து உட்காருவான். புது அடுப்பு வாங்கச் சொன்னேன். ஒரு ஆளுக்கு என்ன அடுப்பு என்றான். ரோட்டோரம் கிடைப்பதைத் தின்றான். கேபினில் இருந்த அரிசியில் வண்டு வைத்துவிட்டது. அதைக் கங்கையா வளர்த்த கோழிகளுக்குப் போட்டுவிட்டான்.

எனக்கு அடிக்கடி போன் செய்ய ஆரம்பித்தான். காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில் பேசுவான். "க்கா, சந்திரகிரி பக்கம் மழ" என்பான். "அப்படியா" என்பேன். பிறகு இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் வைக்க மாட்டான். நானும் வேலையைப் பார்த்துக்கொண்டே போனைப் பக்கத்தில் வைத்திருப்பேன். எஞ்சின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். கேட்டுக் கேட்டு எனக்கே பழகிவிட்டது. ஏற்றமா, சமதளமா, இறக்கமா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். வீல் வீலென்று கேட்டால் மொகிலி. அப்போது நான் பேச மாட்டேன். அவன் இறங்கி முடிக்கட்டும் என்று இருப்பேன்.

டீசல் மட்டும் நன்றாக மிச்சமானது. முன்பு எந்த ஊரில் நிரப்ப வேண்டியிருந்ததோ அந்த ஊரைத் தாண்டி வர முடிந்தது. அதை அவன் சொன்னது என்னிடம்தான். சொல்ல வேறு ஆள் இல்லை.

மாங்காய் சீசனில், பங்காருபாளையம் ரோடு முழுக்க மாங்காய் வண்டிகளாக இருந்த ஒரு மத்தியானம், தம்பி தீவன மூட்டையோடு மொகிலியில் இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு வளைவைத் திரும்பும் முன் ரோட்டில் பச்சைக் கிளை ஒடித்துப் போட்டிருந்ததைப் பார்த்தான். கொஞ்சம் தள்ளி வரிசையாகக் கற்கள். முன்னால் வண்டி நிற்கிறது, மெதுவாக வா என்பதற்கு டிரைவர்கள் வைக்கிற அடையாளம். மெதுவாகப் போகிறவனுக்கு அது தேவையில்லை. வளைவைத் திரும்பியதும் தங்கவேலுவின் வண்டி.

இடது பக்கச் சக்கரங்கள் ஓரத்து மண் மேட்டில் ஏறிப் புதைந்திருந்தன. வண்டியை நிறுத்த வேறு வழியில்லாமல் அவனே மேட்டில் ஏற்றியிருக்கிறான். சக்கரங்களின் உள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தங்கவேலு ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரோடு குனிந்துகொண்டிருந்தான்.

"ஊத்தாத" என்று தம்பி வண்டியிலிருந்தே கத்தினான். அவன் கத்தியதைத் தங்கவேலு அதற்கு முன் கேட்டதில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டான்.

தம்பி இறங்கி வந்தான். "சூட்டு பிரேக் டிரம்முல தண்ணி ஊத்துனா விரிசல் வுட்டுடும். தானா ஆறட்டும்."

"ஆற எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஆவும். உக்காரு."

மண் மேட்டின் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவனோடு ஓடிய நாயுடுபேட்டை வண்டிகள் இரண்டும் முன்னால் போய்விட்டிருந்தன. போன் செய்ததற்கு, மெக்கானிக்கை அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். திரும்பி வருவதற்கு அந்த ரோட்டில் வழி இல்லை, அவர்கள்மேல் தப்புச் சொல்ல முடியாது.

"பெடல் கீழ போய்டுச்சிடா" என்றான் தங்கவேலு.

தம்பி தலையை ஆட்டினான்.

"முன்னால ஒரு வேன். ஸ்கூல் புள்ளிங்கோ மாரி இருந்துச்சி. ஹாரன் அடிக்கறேன், அடிக்கறேன், போவ மாட்டேன்றான். மேட்டுல ஏத்திட்டேன்." சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "வெங்கடலட்சுமிக்கு சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்."

"உங்க அக்காவுக்கும் சொல்லாத. அவங்க சொல்லிடுவாங்க."

புகை அடங்கி, டிரம்மின் பக்கம் கையைக் கொண்டுபோனால் சூடு தெரியாத அளவுக்கு ஆனதும், தம்பி தன் வண்டியில் கயிறு கட்டி அவன் வண்டியை மேட்டிலிருந்து பின்னால் இழுத்து இறக்கினான். பிரேக்குக்கான காற்று அழுத்தம் பார்த்தார்கள். பிரேக் பிடித்தது, ஆனால் பழைய மாதிரி இல்லை.

"நீ முன்னால போ" என்றான் தம்பி.

"நானா? நீ போ, நான் உன்ன பாத்துக்கினு வர்றேன்."

"உன் பிரேக்கு நம்பிக்க இல்ல. நீ பின்னால வந்தா என்மேலதான் வந்து நிப்ப. முன்னால போ. மூணாவது கியர். கால எட்த்துடு. கத்தும். கத்தட்டும். பிரேக்க ரொம்ப தேவன்னாதான் தொடணும்."

தங்கவேலு முன்னால் போனான். அவனுடைய எஞ்சின் கத்தியது, பின்னால் தம்பியின் எஞ்சினும் அதே மாதிரி கத்தியது. மாட்டு வண்டி வேகம். பின்னால் வந்த மாங்காய் வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டின. எத்தனையோ வருஷம் சேர்ந்து ஓடியும், மொகிலி இறக்கத்தில் தங்கவேலு முன்னால் போய்க் கண்ணிலிருந்து மறையாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான் என்று தம்பி என்னிடம் சொன்னான். ஒவ்வொரு வளைவிலும் அந்த வண்டியின் பின்பக்கம் அங்கேயே இருந்தது. இறக்கம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று நினைத்தானாம்.

கங்கையா கடையில் நிறுத்தினார்கள். தங்கவேலு இறங்கி வந்ததும் முதலில் சொன்னது:

"போர்ட பாத்தேன்டா. கால எட்த்ததும் நம்பர் ஏறிக்கினே போவுது. நெசந்தான்."

தம்பி சிரித்தான்.

டீ வந்தது. தம்பி கேட்கவில்லை, தங்கவேலுவே ஆரம்பித்தான்.

"இனிமே கியர்லதான் இறங்குவேன். அது சத்தியம்."

"சரி."

"ஆனா உன்கூட வர ஆவாதுடா கோபி. கோச்சிக்காத. ஊரு பூரா உன் வேகத்துல வந்தா எனக்கு தூக்கம் வந்துடும். நான் நெசமாதான் சொல்றேன். நீ வண்டியோட பேசிக்கினு வர்ற. எனக்கு ஆளுங்க வேணும், சத்தம் வேணும். உன் பின்னால வந்தா நானும் உன்ன மாதிரி ஆய்டுவேன்."

"தெரியும்" என்றான் தம்பி.

"கோச்சிக்கினியா?"

"இல்லடா."

மெக்கானிக் சித்தூரில் காத்திருப்பதாகப் போன் வந்தது. தங்கவேலு எழுந்தான். தம்பியின் தோளைத் தட்டினான், வண்டி பக்கம் இரண்டு அடி போய்த் திரும்பி வந்து மறுபடியும் தட்டினான். பிறகு ஏறிப் போய்விட்டான். சமதளம்தான், பிரேக்கில் பயமில்லை. என்றாலும் தம்பி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றானாம். ஒவ்வொரு கியராகச் சீராக மாற்றிப் போவது தெரிந்தது.

கங்கையா கிளாஸை எடுக்க வந்தார்.

"இப்பதானே போனான். ஏறு, பிடிச்சிடலாம். சித்தூரு தாகா, சித்தூரு வரைக்கும் கூட போலாம் இல்ல?"

"பிடிக்கலாம்" என்றான் தம்பி. "பிடிச்சா, சித்தூர்ல மறுபடி வுடணுமே."

இதையெல்லாம், அக்காவுக்குச் சொல்லாதே என்று தங்கவேலு சொன்னதையும் சேர்த்து, அடுத்த ஓய்வு நாளில் நகரிக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். தங்கவேலு உயிரோடு இருப்பதே எனக்குப் பெரிது என்றேன். ஆமாம் என்றான். வேறு யாராவது ஜோடி பார்க்கலாமா, பங்காருபாளையத்தில் புதிதாக வண்டி வாங்கியவர்கள் இருப்பார்களே என்றேன். அவன் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டு, அவர்களுக்கும் அவர்கள் வேகம் இருக்குமே அக்கா என்றான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பஸ்ஸுக்கு நேரமாகும் வரை கூடத்தில் படுத்துத் தூங்கினான். வீட்டில் ஆள் இருக்கிறது, யாரும் டேங்கில் கை வைக்கப் போவதில்லை என்பதால், நான் எழுப்பும் வரை அவன் எழுந்திருக்கவில்லை.